மூன்றரை மில்லிமீட்டர் நீளம் கூடிய தோட்டா

1930 வாக்கில் அமெரிக்கக் காவலர்களுக்குப் பெரிய தலைவலி, கார். மதுவிலக்குக் காலத்துச் சாராயக் கும்பல்கள் காரில் பறந்தன. காவலர் இடுப்பில் இருந்த .38 ஸ்பெஷல் ரிவால்வரின் ஈயக் குண்டுக்குக் கார்க் கதவைத் துளைக்கும் வேகம் போதவில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி அந்த ஆண்டு உடல் கனத்த ஒரு .38 ரிவால்வரை இறக்கியது. அதற்கென்று வீரியம் கூட்டிய தோட்டாவும் வந்தது. வாங்கியவர்களில் சிலருக்கு அதுவும் போதவில்லை. இந்த இரும்பு இன்னும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, வீட்டுப் பட்டறையில் தாங்களே தோட்டா நிரப்பத் தொடங்கினார்கள். மேக்னம் தோட்டா பிறந்தது இவர்கள் மேசையில்தான் என்பேன்.

தோட்டாவில் நான்கு பகுதிகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் நெருப்பு மூட்டும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு. அதைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள்தான் கைநிரப்பாளர்கள். விரிந்துபோன கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். புது பிரைமர் பொருத்தி, மருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, குண்டை அமர்த்துவார்கள். நிறுவைக்குக் கிரெயின் கணக்கு. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். கடைசியில் கூட்டின் வாயைக் குண்டின் மேல் மடித்து இறுக்குவார்கள். ரிவால்வரில் இந்த மடிப்பு அலங்காரமல்ல. ஒரு தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. மற்ற அறைகளில் இருக்கும் குண்டுகள் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். மடிப்பு தளர்ந்திருந்தால் குண்டு முன்னால் நழுவி நீட்டிக்கொள்ளும், சுழல் உருளை சுற்றாமல் மாட்டிக்கொள்ளும்.

.38 ஸ்பெஷல் 1890களின் இறுதியில் கரும்புகை மருந்துக்காக வடிவமைத்த தோட்டா. கரும்புகை மருந்து இடத்தை அடைக்கும். அதனால் கூடு பெரிது. புகையற்ற மருந்து வந்தபின் அதே கூட்டில் பாதிக்கு மேல் காலி. ஆபத்தும் வாய்ப்பும் அந்தக் காலியிடத்தில்தான் இருந்தன. வேகமாக எரியும் மருந்தைத் தவறுதலாக இரண்டு முறை போட்டாலும் வழியாது, கண்ணில் படாது. சுட்டால் துப்பாக்கியே வெடிக்கக்கூடும். மாறாக, மெதுவாக எரியும் மருந்தை நிறையப் போட்டால் அழுத்தம் ஒரே கணத்தில் உச்சிக்கு ஏறாமல், குண்டு குழலில் ஓடும் தூரமெல்லாம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஊஞ்சலை ஓங்கி அறைவதற்கும், கை எட்டும்வரை கூடவே போய்த் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. 1930களின் தொடக்கத்தில் ஹெர்குலிஸ் கம்பெனி வெளியிட்ட '2400' என்ற மெதுமருந்து கைநிரப்பாளர்களுக்கு வரமாக வந்து வாய்த்தது.

ஃபிலிப் ஷார்ப், எல்மர் கீத் போன்ற கைநிரப்பாளர்களின் சோதனைகளைக் கவனித்து வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் டக்ளஸ் வெஸ்ஸன், வின்செஸ்டர் கம்பெனியோடு சேர்ந்து 1935இல் .357 மேக்னத்தைக் கொண்டுவந்தார். கூட்டின் நீளத்தை ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் கூட்டியிருந்தார்கள். மருந்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக அல்ல. அந்தத் தோட்டா பழைய, பலமில்லாத .38 ரிவால்வருக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. பொறியியலில் எனக்கு மிகப் பிடித்த எளிய பாதுகாப்புகளில் இது ஒன்று. முதல் ரிவால்வர் எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. அமெரிக்கத் தளபதி பேட்டனும் ஒன்று வாங்கி, அதற்கு யானைத்தந்தப் பிடி போட்டுக்கொண்டார்.

விளம்பரத்தில் சொன்ன வேகம் வினாடிக்குச் சுமார் 1,510 அடி. அதே 158 கிரெயின் குண்டை .38 ஸ்பெஷல் ஏறக்குறைய 850 அடியில்தான் அனுப்பும் என்று பட்டியல்கள் கூறின. ஆற்றலில் மூன்று மடங்கு வித்தியாசம். ஆனால் அந்த 1,510 எட்டேமுக்கால் அங்குலக் குழலின் கணக்கு. காவலர் அணியும் நாலங்குலக் குழலில் அது கிடைக்காது. இன்றைய கம்பெனித் தோட்டாக்கள் அந்தக் குழலில் 1,235 அடி என்று போடுகின்றன. உடனே பழைய ரசிகர்கள், "அந்தக் காலத்து வீரியம் போச்சு" என்பார்கள். பாதி உண்மை. பழைய தோட்டாக்கள் கடுமையாகவே நிரப்பப்பட்டன. மறுபாதி அளவையின் வேலை: அன்றைய சோதனைக் குழல்கள் நீளமானவை, ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு அவற்றில் இல்லை. அழுத்தத்தையும் அன்று ஒரு சிறு செப்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அளந்தார்கள். இன்று மின்னுணரி அளக்கிறது. இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

கடுமைக்கு விலையும் இருந்தது. தொடக்க காலத்து வெறும் ஈயக் குண்டு அந்த வேகத்தில் உராய்ந்து குழலில் ஈயத்தை அப்பியது. கைநிரப்பாளர்கள் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்த்தார்கள், அடியில் செப்புக் குவளை மாட்டினார்கள். 1955இல் வந்த இலகுவான 'காம்பேட் மேக்னம்' ரிவால்வரில் பின்னாளில் 125 கிரெயின் வேகத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டவர்கள், குழலின் பின்வாயில் விரிசல் கண்டார்கள். அதைச் சமாளிக்கத்தான் 1980 வாக்கில் கொஞ்சம் கனத்த புது உடல் வந்தது.

ஐடஹோ மலைநாட்டுக்காரரான கீத் இதற்கெல்லாம் முன்பே .44 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாறியிருந்தார். 1920களில் .45 ரிவால்வர் ஒன்றை அளவு மீறி நிரப்பி வெடிக்க வைத்தவர் அவர். .44இல் உருளைச் சுவர் கொஞ்சம் தடிமன் என்பதே மாறியதற்குக் காரணம். முப்பது வருடம் கம்பெனிகளை நச்சரித்தார். ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் 1956இல் .44 மேக்னத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தன. கூட்டை நீட்டும் பழைய உத்தியே அதிலும். 1971இல் 'டர்ட்டி ஹாரி' படம் வந்தபின் அந்த ரிவால்வருக்குக் கடைகளில் தட்டுப்பாடு.

பழைய புத்தகத்தின் மருந்து அளவை அப்படியே எடுத்து இன்று நிரப்புவது மடமை. கூட்டின் அடித்தடிமன், பிரைமரின் சூடு, அளக்கும் முறை எல்லாமே மாறிவிட்டன. 1930களின் தோட்டாப் பெட்டி சேகரிப்பாளரின் அலமாரிக்கு உரியது. அதைச் சுட்டுப் பார்க்க வேண்டாம்.