குளிர்நாட்டுக் கணப்பும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரும்

மோட்டார் வண்டியின் முன்னாசனத்தில் சாரதிக்குப் பக்கத்தில் அமர்ந்து பிரயாணம் செய்பவரின் பாதத்தின் கீழே விரிப்பு நனைந்து கிடப்பதும், முன்கண்ணாடியின் உட்புறத்தில் எத்தனை முறை துடைத்தாலும் அகலாத பிசுபிசுப்பான மூட்டம் படிவதும், பாகு காய்ச்சும் அடுக்களையில் எழுவது போன்ற தித்திப்பு வாசனை வண்டிக்குள் கமழ்வதும், காலையில் ரேடியேற்றரில் நிரப்பிய நீர் மாலையில் தாழ்ந்திருப்பதும் ஒருங்கே நிகழுமாயின், முன்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஹீற்றர் ஒழுகத் தொடங்கிவிட்டதென்று நிச்சயிக்கலாம். குளிரூட்டியின் வடிகால் அடைத்துக்கொண்டாலும் விரிப்பு நனையும். ஆயின் அந்த நீருக்கு நிறமில்லை, வாசனையில்லை, பசையில்லை. யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்றில் இப்படிப்பட்ட வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், “எங்கடை வெக்கைக்கு உது என்னத்துக்கு அண்ணை? கழட்டிப்போட்டு ரெண்டு ஹோசையும் சேர்த்து விடுவம்” என்ற பதிலே அநேகமாகக் கிடைக்கும். மார்கழி, தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிதாயுள்ள ஒரு குடாநாட்டில் அந்தப் பதில் நியாயமானதே. ஆனால் ஹீற்றரைக் கொன்ற நோய் எதுவென்று விசாரியாமல் அதை மாத்திரம் அகற்றி விட்டால், அதே நோய் அடுத்தபடியாக ரேடியேற்றரையும், அதற்கடுத்து எஞ்சினையும் பற்றிக்கொள்ளும்.

ஹீற்றர் என்ற பெயரைக் கேட்டு, அதற்குள் மின்கம்பியோ நெருப்போ இருக்கிறதென்று எண்ணுவாரும் உளர். எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுகிறது. அதே அளவான இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வீணே போகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதியை, எஞ்சினின் உடம்பினூடே சுற்றியோடும் நீர் ஏந்திவந்து ரேடியேற்றரில் காற்றிடம் ஒப்புவிக்கிறது. 80 முதல் 95 பாகை வரையிலான உஷ்ணத்தோடு ஓடும் இந்த நீரில் ஒரு கிளையைப் பிரித்து, எஞ்சினுக்கும் ஆசனங்களுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரை ஊடறுத்து, புத்தகமளவான ஒரு சிறு ரேடியேற்றருக்குள் செலுத்தி, அதன் இடுக்குகளூடே விசிறியால் காற்றை ஊதினால், அதுவே ஹீற்றர். குளிர்நாட்டார், எப்படியும் வீணாகும் உஷ்ணத்தில் ஒரு துளியைத் தங்கள் கால்கள் அனல் காய உபயோகித்த சாமர்த்தியம் அது.

இந்தச் சாமர்த்தியம் மோட்டார் வண்டியுடன் கூடப் பிறந்ததன்று. யாழ்ப்பாணத்தாருக்கு உறவினர்போல் பழகிப்போன மொறிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்னும் நிபுணரின் கற்பனையில் உருவாகி 1948-ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்தபோது, அதன் எஞ்சினில் நீரைத் தள்ளுவதற்குப் பம்பு இருக்கவில்லை. சூடேறிய நீர் இலேசாகி மேலெழும்ப, ரேடியேற்றரிற் குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்க, அந்த இயற்கை ஓட்டத்தினாலேயே எஞ்சின் குளிர்ந்தது. அத்தகைய மந்தமான ஓட்டம் ஹீற்றரின் நுண்குழாய்களுக்குள் நீரைச் செலுத்தப் போதாதாகையால், 1950-இன் இறுதியில் பம்பு பொருத்தப்பட்ட பின்னரே, வேண்டுவோருக்கு மேலதிக விலையில் ஹீற்றரை விற்பது சாத்தியமாயிற்று. 1952-இல் அவ்வண்டிக்கு வந்துசேர்ந்த ‘ஏ’ வரிசை எஞ்சினிலும், ஹீற்றர் வேண்டாதவருடைய வண்டியாயின், அதற்குரிய துவாரத்தை ஒரு சிறு தகட்டினால் மூடியே அனுப்பினார்கள். ஆதலின் பழைய மொறிஸ் வண்டியிலிருந்து ஹீற்றரை அகற்றுவது அதன் அங்கத்தை ஊனப்படுத்துவதாகாது.

எந்த உறுப்பு இன்றியமையாதது, எது ஒதுக்கத்தக்கது என்று தேரும் விவேகம் இவ்வூர்த் தொழிலாளருக்குச் சும்மா வந்ததல்ல. 1990-இல் தொடங்கிய யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது, பெற்றோல் கிடையாத குடாநாட்டில், சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, இந்தக் கிழட்டு வண்டிகளை வருஷக்கணக்காக ஓட்டினார்கள். பெற்றோலின் இலேசான பகுதிகள் நம்முடைய சாதாரண வெயிலிலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் கொதிப்பதற்கோ 150 பாகைக்கு மேல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது எரியாமல் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து, அடியிலுள்ள ஒயிலை நீர்க்கச் செய்து, பேரிங்குகளைத் தின்றுவிடும். அமுக்கவிகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள், உட்கொள்ளும் குழாயும் புகைக்குழாயும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் அமைப்பினால், அந்தத் தடித்த எண்ணெயையும் ஒருவாறு சீரணித்தன. மற்றெல்லா இடங்களிலும் விரட்டப்படும் உஷ்ணத்தை அக்காலத்து யாழ்ப்பாணத்தில் பேணிக் காத்து வைத்தார்கள். உஷ்ணத்தின் போக்குவரவை இவர்களைப்போல் கையால் தொட்டுக் கற்றவர்கள் உலகில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள் என்பது என் துணிபு.

இப்போது வீதிகளை நிறைத்திருக்கும் ஜப்பானிய வண்டிகளில் விஷயம் சற்றுச் சிக்கலானது. பனி பெய்யும் தேசத்துக்கென்று செய்யப்பட்ட ஹயஸ் போன்ற வான்களிற் பலவற்றில் பின்னாசனக்காரருக்கெனத் தனியே இரண்டாவது ஹீற்றரும், அதற்கு நீர் கொண்டுபோக வண்டியின் அடிவயிற்றோடு ஓடும் நீண்ட இரும்புக் குழாய்களும் உண்டு. உப்புக் காற்றிலும் மழைச் சேற்றிலும் அக்குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாவதை, உள்ளே ஒரு துளியும் ஒழுகாதபடியால், எஞ்சின் கொதிக்கும்வரை சொந்தக்காரர் அறிவதில்லை.

நோயின் மூலத்துக்கு வருவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைச் சுண்ணாம்புப் பாறை உறிஞ்சி வைத்திருந்து கிணறுகள் வாயிலாகத் திருப்பித் தருகிறது. மண்ணூடே இறங்கும் மழைநீர் கரியமிலவாயுவைக் கரைத்து மெல்லிய அமிலமாகி, பாறையை அணுவணுவாய் அரித்துத் தன்னோடு கொண்டுபோகிறது. நிலாவரைக் கிணற்றின் ஆழமும் கீரிமலையின் ஊற்றும் அந்த அரிப்பின் வேலையே. காங்கேசன்துறையில் 1950-இல் நிறுவப்பட்ட ஆலை எந்தக் கல்லைச் சுட்டுச் சீமெந்தாக்கியதோ, அந்தக் கல் நம் கிணற்று நீரிற் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. நீரைச் சூடாக்கினால் கரியமிலவாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிப் படிகிறது. தேநீர்க் கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் பிடித்திருக்கும் ஓடு அதுதான். செம்பு உஷ்ணத்தைக் கடத்துவதில் சில நூறில் ஒரு பங்கே கடத்தவல்ல அந்த ஓடு, ரேடியேற்றர்க் குழாயின் உட்சுவரிற் படிந்துவிட்டால், வெளியே எவ்வளவு காற்றடித்தும் உள்ளே நீர் ஆறாது. கரையோரக் கிணறுகளில் நன்னீரின் கீழே உவர்நீர் கிடப்பதால், சுண்ணாம்போடு உப்பும் சேர்கிறது. இரும்பு, செம்பு, ஈயப்பற்று, அலுமினியம் என்று பல உலோகங்கள் தொட்டிருக்கும் இடத்தில் உப்புநீர் ஓடினால் அது ஒரு மின்கலமே ஆகி, அவற்றுள் பலவீனமான உலோகத்தைத் துளைத்துவிடும்.

இவ்விரு தீமைகளுக்கும் முதற்பலி ஹீற்றராயிருப்பதன் காரணம், அதன் குழாய்கள் மெலிந்தவை என்பது மாத்திரமல்ல. நம் நாட்டில் ஹீற்றரின் அடைப்பான் வருஷம் முழுவதும் மூடியே கிடக்கிறது. அடைப்பான் உள்ள வண்டிகளில் ஓடாத நீர் அங்கே தேங்கி, வண்டல் இறங்கி, துருத்தடுக்கும் மருந்து தீர்ந்து, மௌனமாக உலோகத்தை அரிக்கிறது. இதற்குப் பரிகாரமாகச் சாரதிகள் சிலர் ரேடியேற்றரில் மஞ்சள்தூளைக் கொட்டுவதுண்டு. சூட்டில் மாப்பொருள் பருத்து ஓட்டையை அடைக்கும் என்பது மெய்யே. ஆனால் ஓட்டை எது, குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. நடுவழியில் வீடு சேர அது உதவலாம். வீட்டுக்கு வந்ததும் கழுவி வெளியேற்றுதல் வேண்டும்.

இனி அகற்றும் முறை. எஞ்சின் முற்றாக ஆறிய பின்னரே மூடியிற் கைவைக்க வேண்டும். வளிமண்டலத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தத்தில் அடைபட்ட நீர் 120 பாகையளவிலேயே கொதிக்குமாகையால், ஓடிவந்த வண்டியின் மூடியைத் திருகியவுடன் அது நீராவியாய்ச் சீறி முகத்தில் பாயும். தகட்டுச் சுவரில் ஹீற்றருக்குப் போகும் இரண்டு ஹோசுகளையும் கழற்றி, அதே விட்டமுள்ள பித்தளை அல்லது செம்புக் குழாய்த் துண்டினால் ஒன்றோடொன்று இணைத்து, கிளிப் போட்டு இறுக்குவதே உத்தமம். வீட்டுக் குழாய்க்கு உபயோகிக்கும் பி.வி.சி. துண்டு 80 பாகையளவில் இளகத் தொடங்குமாதலால் அதை நாடவே கூடாது. இணைக்காமல் இரு முனையையும் அடைத்து விடுவோருமுண்டு. தனக்கென ஒரு சிறு சுற்றுவழி ஹோஸ் கொண்ட ‘ஏ’ வரிசை எஞ்சினுக்கு அதனால் தீங்கில்லை. வேறு சில எஞ்சின்களிலோ, நீர் சூடேறும்வரை ரேடியேற்றருக்கான வழியை மூடிவைக்கும் தெர்மோஸ்ராற் திறக்குமுன் நீர் சுற்றிவர ஹீற்றர்க் கிளையே வழி. அதை அடைத்தால் தெர்மோஸ்ராற் இருக்குமிடத்துக்குச் சூடு காலந்தாழ்த்தி வந்து, அதற்கிடையில் ஹெட் வளைந்துபோகவும் கூடும். இணைத்தபின் நீரை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, காற்றுக்குமிழிகள் அடங்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். ஒழுகிய ஹீற்றரை வெளியே எடுக்க முன்பலகை முழுவதையும் கழற்ற நேரிடுமாயின், எஞ்சிய நீரை ஊதி வெளியேற்றிவிட்டு, வறண்ட நிலையில் அதை அங்கேயே விட்டுவிடலாம்.

இழப்பு அறவே இல்லையென்று சொல்லமாட்டேன். தை மாதத்தில் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போகிறவர் அதன் அருமையை அன்றிரவே உணர்வார். மேட்டில் எஞ்சின் கொதிக்க முற்படும்போது ஹீற்றரை முழுவதும் திறந்து விட்டு, அதை இரண்டாவது ரேடியேற்றராக்கி ஆபத்தைத் தவிர்க்கும் உபாயமும் கைவிட்டுப் போகும். மழைக்காலத்தில் கண்ணாடியில் மூட்டம் படிவதைக் குளிரூட்டியே போக்கிவிடும்; அதுவுமில்லாத பழைய வண்டியில் கண்ணாடிக் கதவைச் சற்றே இறக்கி விடுவதன்றி வேறு வழியில்லை.

வடித்தெடுத்த கூலன்ற் நீரை முற்றத்திலோ வாய்க்காலிலோ ஊற்றவேண்டாமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் தித்திப்பானது. குழந்தையும் நாயும் ஆட்டுக்குட்டியும் விரும்பி நக்கும். உடம்புக்குள் அது ஒட்சாலிக் அமிலமாகி, கல்சியத்தோடு சேர்ந்து படிகங்களாய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். வாயிற் பட்டதென்று சந்தேகித்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நஞ்சு அது.

ஹோசுகளை இணைத்தாயிற்று, ஒழுக்கு நின்றாயிற்று என்ற நிம்மதியில் மறுநாளே கிணற்று வாளியைத் தூக்காதீர்கள். கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரும் துருத்தடுக்கும் கூலன்றும் கிடைத்தால் அதுவே முதற்தரம். கூலன்றோடு கலக்க வடிநீர் கிடையாதவர், ஐப்பசி மழையில் கூரை ஓடுகளையும் பீலியையும் கழுவி வரும் முதல் நீரைப் போகவிட்டு, அதன்பின் விழுவதை இரண்டு போத்தல்களில் பிடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீரிற் சுண்ணாம்பு இல்லை.