சங்கிலி மன்னனுக்கு நோய்ப்பெயர் சூட்டலாமா?

1544இல் மன்னார்த் தீவில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஏறக்குறைய 600 பேர், யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். அந்த வேதசாட்சிகளின் நினைவைத் தோட்டவெளி ஆலயம் இன்றும் போற்றுகிறது. அதிகாரத்திலுள்ள கொடியவர் எவரையும் ‘நார்சிசிஸ்ட்’ என்பது இப்போது வாய்ப்பழக்கமாகிவிட்டது. சங்கிலிக்கும் அந்தப் பட்டம் பொருந்தும் என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படிச் சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை.

அந்தச் சொல் சுட்டும் சுயமோக ஆளுமைக் கோளாறு என்பது வெறும் திமிர் அன்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் அதைத் தன் நோயறிதல் கையேட்டில் சேர்த்தது. இன்றைய வரையறைப்படி ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவை இளவயது முதல் வீடு, வேலை, உறவு என எல்லா இடத்திலும் தொடரவும் வேண்டும். ‘என்னைப்போல் யாருமில்லை’ என்ற நினைப்பு வெளியே தெரியும். உள்ளே அதைத் தானாகத் தாங்கி நிறுத்தும் வலு இராது. அதனால்தான் பிறர் புகழ்ச்சி ஓயாமல் தேவைப்படுகிறது. சிறு குறை சொன்னாலும் வெட்கம் பொங்கும், அதைச் சகிக்க முடியாமல் ஆத்திரமாகக் கொட்டும். 1972இல் ஹைன்ஸ் கோஹுட் இந்த ஆத்திரத்தைத் தனியே எடுத்து விளக்கினார். பொறாமையும் கோபமுமே அடித்தளம், பெருமிதம் அவற்றின்மேல் போட்ட கவசம் என்றார் ஆட்டோ கெர்ன்பெர்க். இருவர் சொல்வதும் உள்ளே நடப்பதைப் பற்றியே. அதை நேரில் பேசி, நாள்பட அறியவேண்டும்.

‘குடிகள் மதம் மாறியதை அவமானமாக எடுத்துக்கொண்டானே, அதுவே அந்த ஆத்திரம் அல்லவா?’ என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் ஞானஸ்நானம் பெற்றவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்புக்குள் போய்விடுவதை எதிர்க்கரையான முத்துக்குளித்துறை ஏற்கெனவே காட்டியிருந்தது. சங்கிலியின் அச்சம் வீணும் அல்ல: 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். அரசியல் கணக்கும் இதே செயலில்தான் முடிந்திருக்கும். சான்றுகளோ, எதிர்த்தரப்பான போர்த்துக்கேயர் எழுதியவை, அல்லது இரு நூற்றாண்டு கழித்துத் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாண வைபவமாலை. தாம் நேரில் பரிசோதிக்காத பொதுவாழ்வினருக்கு மருத்துவர் நோய் சொல்லக்கூடாது என்று அதே அமெரிக்கச் சங்கம் 1973இல் விதித்தது. உயிரோடிருப்பவருக்கே அப்படியென்றால், 16ஆம் நூற்றாண்டு மன்னனுக்கு எப்படி?

நோய்ப்பெயர் சொல்லாவிட்டால் கொடுமையை மன்னித்ததாகிவிடும் என்பது இன்னொரு வாதம். எனக்குத் தோன்றுவது நேர்மாறு. நோய் என்றதுமே ஆணையிட்ட மனிதனின் பொறுப்பு கரையத் தொடங்குகிறது. அந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை என்பதும் மறைந்துபோகிறது. மன்னார்ப் படுகொலைக்குச் சங்கிலிதான் பொறுப்பு. அந்தத் தீர்ப்புக்கு மருத்துவச் சீட்டு வேண்டியதில்லை.