மலையேறும் தண்டவாளங்கள் – 14: ஒகோபாவின் மர நிலையம்

1909-ல் ஒகோபா நிலையம் திறக்கப்பட்டபோது அங்கே ஏறி இறங்கப் பக்கத்தில் ஊர் என்று ஒன்று கிடையாது. ஜப்பானின் கியூஷு தீவில், குமாமோட்டோ மாகாணத்தின் தென்கோடி மலைக்காடு அது. ஹிதோயோஷியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மூச்சிரைக்க ஏறிவரும் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும்; எதிரே இறங்கிவரும் ரயிலுக்கு ஒதுங்கி வழிவிட இடம் வேண்டும். நிலையம் வந்தது இந்த இரண்டுக்காகத்தான்.

தெற்கே ககோஷிமாவுக்குப் போக, கடலோரமாகப் பாதை போட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ராணுவம் ஒப்புக்கொள்ளவில்லை. எதிரிக் கப்பல்களின் பீரங்கிக்கு எட்டாத தூரத்தில் பாதை இருக்க வேண்டும் என்றார்கள். அதனால் ரயில் குமா ஆற்றைப் பிடித்துக்கொண்டு உள்நாட்டுக்குள் வந்து மலையில் முட்டியது. ஹிதோயோஷி கடல் மட்டத்திலிருந்து சுமார் 107 மீட்டர். உச்சியில் இருக்கும் யதாகே நிலையம் 537 மீட்டர். இரண்டுக்கும் நடுவில், 294 மீட்டரில் ஒகோபா.

நம் ஊட்டி ரயில்போலப் பல்சக்கரம் இங்கே இல்லை. வழவழப்பான தண்டவாளத்தில், ஆயிரம் மீட்டருக்கு முப்பது மீட்டர் என்ற ஏற்றத்தில் ஏறியாக வேண்டும். அதற்காக 300 மீட்டர் ஆரத்தில் மலையைச் சுற்றி ஒரு பெரிய வளையம் போட்டார்கள். ஆனால் சரிவில் நின்ற நீராவி ரயிலை மறுபடி கிளப்புவது பெரும்பாடு. நிலையத்துக்குச் சமதளம் வேண்டுமே! வளையத்துக்குள்ளேயே முன்னும் பின்னுமாக ஏறும் ஒரு திருப்பத்தையும் சேர்த்தார்கள். வளையமும் திருப்பமும் ஒரே இடத்தில் அமைந்த நிலையம் ஜப்பானில் இது ஒன்றுதான்.

கீழிருந்து வரும் ரயில் நேராக நிலையத்துக்குள் நுழைந்து நிற்கும். பிறகு வந்த திசையிலேயே பின்னோக்கி நகர்ந்து, பக்கத்துத் தண்டவாளத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும். அங்கிருந்து மறுபடி முன்னோக்கிக் கிளம்பி வளையத்தைப் பிடிக்கும். ஒரு சுற்று ஏறியதும், சற்றுமுன் விட்டுவந்த நிலையம் ஜன்னலுக்குக் கீழே, மரங்களுக்கு நடுவே தெரியும். பாதை வகுத்தவர்களின் திறமைக்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

நிலையக் கட்டடம் எளிமையானது. மரச்சுவர், மேலே ஓட்டுக்கூரை. அருகில் எஞ்சினுக்குத் தண்ணீர் தந்த கல் கோபுரத்தின் அடிப்பகுதி நிற்கிறது. நடைமேடையில் ஊற்றுநீர் வழியும் ஒரு கல் தொட்டி. சுரங்கங்களைத் தாண்டி வந்த பயணிகள் முகத்தில் அப்பிய கரியை இதில்தான் கழுவினார்கள். எஞ்சினுக்கு மட்டுமல்லாமல் மனிதர்களுக்கும் தண்ணீர் வைக்க நினைத்த அந்த மனசை நான் மிகவும் மதிக்கிறேன். பாதை போடும் வேலையில் மாண்ட தொழிலாளர்களுக்கான நினைவுக்கல்லும் அருகிலேயே இருக்கிறது.

உள்ளே சுவர் தெரியாத அளவுக்கு விசிட்டிங் கார்டுகள். இங்கே கார்டை ஒட்டினால் வேலையில் உயர்வு கிடைக்கும் என்பது நம்பிக்கை. ஏற்றம் ஏறும் நிலையம் அல்லவா!

யதாகேவைத் தாண்டினால் 2,096 மீட்டர் நீளச் சுரங்கம். தோண்டத் தோண்டத் தண்ணீர் பீறிட்டுத் தொழிலாளர்களை வாட்டிய சுரங்கம் இது. அதன் இரு வாயில்களிலும் அந்தக் கால அமைச்சர் யமகாடா இசாபுரோ, ரயில்வே தலைவர் கோட்டோ ஷிம்பெய் ஆகியோர் எழுதிய கல்வெட்டுகள் இருக்கின்றன. பின்னாளில் இந்தப் பாதையில் ஓடிய சுற்றுலா ரயில்களுக்கு ‘இசாபுரோ’, ‘ஷிம்பெய்’ என்றே பெயர் வைத்தார்கள். தோண்டியவர்களின் பெயர் எந்த ரயிலுக்கும் இல்லை.

இந்த மலைப்பாதையின் பெருந்துயரம் 1945 ஆகஸ்ட் 22-ல் நடந்தது. போர் முடிந்து ஒரு வாரம். வீடு திரும்பும் சிப்பாய்களால் நிரம்பிய ரயில், மசாகிக்கும் யோஷிமாட்சுவுக்கும் இடையே ஒரு சுரங்கத்துக்குள் ஏற முடியாமல் நின்றுவிட்டது. புகை மூச்சை அடைக்க, இறங்கி இருட்டில் நடக்கத் தொடங்கினார்கள். ரயில் பின்னோக்கி உருண்டு வந்தது. சுமார் 50 பேர் மாண்டார்கள்.

1927-ல் கடலோரப் பாதை திறந்ததும் மலைப்பாதை கிளைப்பாதையாகச் சுருங்கிவிட்டது. கூட்டம் குறைந்தது, நிலையத்தை இடித்துப் பெரிதாக்கும் தேவையும் எழவில்லை. ஒகோபாவின் மரச்சுவர் நூறாண்டைக் கடந்ததற்கு இந்தப் புறக்கணிப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

2020 ஜூலை 4-ல் குமா ஆறு பெருக்கெடுத்து, 1908-ல் கட்டிய இரும்புப் பாலத்தையே அடித்துச் சென்றது. அன்றோடு ஒகோபாவுக்கு ரயில் வருவது நின்றது. யாட்சுஷிரோவிலிருந்து ஹிதோயோஷி வரையிலான ஆற்றோரப் பகுதியை 2033 வாக்கில் மீட்க உடன்பாடு ஆகியிருக்கிறது. அதற்கு மேலே உள்ள மலைப்பகுதிக்கு அப்படியொரு உறுதி கிடைக்கவில்லை. ஆள் புழங்காத மரக்கட்டடத்தை மழையும் கரையானும் விட்டுவைக்காது. ஹிதோயோஷி வரை ரயில் வந்துவிட்டால், ஒகோபாவுக்கு மிச்சம் 10.4 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தையாவது முதலில் திறக்க வேண்டும்.

(தொடரும்)