கம்பளி விலையும் நீர்வண்ணப் படமும்

இயற்கைக் காட்சி மட்டுமே வரைந்து, குடியேறிய ஊரில் ஒருவர் எப்படிப் பிழைத்திருப்பார் என்று கேட்டீர்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொன்ராட் மார்ட்டென்ஸ் கதையைச் சொல்கிறேன்.

பிறந்தது லண்டனில், 1801-இல். அப்பா ஹாம்பர்க்கிலிருந்து வந்த வியாபாரி. 1833-இல் மாண்டிவிடியோவில் பீகிள் கப்பலில் ஓவியராகச் சேர்ந்தார். இளம் டார்வின் போன அதே கப்பல். அடுத்த ஆண்டே அந்த வேலை போயிற்று. தாஹிதி, நியூசிலாந்து வழியாக 1835 ஏப்ரலில் சிட்னியில் வந்து இறங்கியவர், கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார். 1836 ஜனவரியில் பீகிளும் சிட்னிக்கு வந்தது. டார்வின் அவரிடம் இரண்டு நீர்வண்ணப் படங்கள் வாங்கினார். படம் ஒன்றுக்கு மூன்று கினி, அதாவது மூன்று பவுண்டு மூன்று ஷில்லிங்.

ஆனால் டார்வின் வந்துபோகிறவர். உள்ளூரில் படம் வாங்க யார் இருந்தார்கள்? பெரிய அதிகாரிகளும், ஆட்டுக் கம்பளியில் பணம் பார்த்த நிலக்காரர்களும்தான். அவர்கள் கேட்டது தங்கள் வீடு, தங்கள் நிலம். அப்படியொரு பெரிய அதிகாரியான அலெக்சாண்டர் மெக்லேயின் எலிசபெத் பே மாளிகையை மார்ட்டென்ஸ் வரைந்தது இந்த வகைதான். அவர் படங்களில் வானமும் துறைமுகத் தண்ணீரும்தான் பெரிது; கட்டடம் சின்னதாக இருந்தாலும் வெளிச்சம் தேடிப்போய் அதன்மேல் விழும். சில படங்களில் முன்புறத்தில் பூர்வகுடிகள் சிறு உருவங்களாக நிற்கிறார்கள். நிலம் அவர்களுடையது, படத்துக்குக் காசு கொடுத்தவர் வேறொருவர். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிக் கண் நகராது.

கம்பளி விலை சரிந்தால் ஓவியருக்கும் அடி விழத்தானே செய்யும்? 1840-களில் அதுதான் நடந்தது. வறட்சி ஒருபக்கம்; மறுபக்கம் 1843-இல் பேங்க் ஆஃப் ஆஸ்திரேலியா மூழ்கியது. மெக்லேயே 1845-இல் கடன் தொல்லையில் மாளிகையை மகனிடம் விட்டுவிட்டு வெளியேறினார். மார்ட்டென்ஸ் பிழைப்புக்கு ஓவியப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சிட்னிக் காட்சியைக் கல்லச்சில் போட்டு, கையால் வண்ணம் தீட்டி விற்றார். 1851-52-இல் வடக்கே பிரிஸ்பேன், டார்லிங் டவுன்ஸ் பக்கம் போய், பண்ணை பண்ணையாகப் பென்சிலில் வரைந்து ஆர்டர் பிடித்தார்.

விற்ற படங்களுக்கு அவர் கணக்கு எழுதி வைத்திருந்தார்: என்ன படம், யாருக்கு, எவ்வளவு என்று. அந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் படங்களைப் பார்க்க வேண்டும் என்பேன். எந்த மலையை எதற்காக வரைந்தார் என்பது அப்போதுதான் புரியும்.

மாதச் சம்பளம் என்று ஒன்று நிலைத்தது 1863-இல், நாடாளுமன்ற நூலகத்தில் உதவி நூலகர் வேலை கிடைத்தபோது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தூரிகையை மட்டும் விடவில்லை, 1878-இல் இறக்கும்வரை வரைந்தார். சிட்னியில் பொதுக் கலைக்கூடம் ஒன்று உருவாகத் தொடங்கியிருந்தது; அதற்காக 1874-இல் ஆப்ஸ்லி அருவியை வரைந்து தரச் சொல்லி அவரைக் கேட்டார்கள். அவர் கப்பலிலிருந்து இறங்கி 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.