ஒரு நோக்கில் இரு காட்சி

காற்றடங்கிய காலையில் மட்டக்களப்பு வாவியின் கரையோரமாகத் தோணியிற் செல்வோர் ஒரு புதுமையைக் காணலாம். ஆழங்குறைந்த இடத்தில் நீரைச் சற்றுச் சாய்வாக நோக்கினால், அடியிலுள்ள மணல் தெரிகின்றது. அம்மணலின் மீதே கரைத்தென்னையின் விம்பமும் படிந்து தெரிகின்றது. நீர்ப்பரப்பு கீழிருந்து வரும் ஒளியை வெளியே விடுகின்றது; மேலிருந்து விழும் ஒளியில் ஒரு பங்கைத் தெறிக்கச் செய்கின்றது. ஆதலால் ஒரு நோக்கில் இரு காட்சி.

தலையில் அணியும் காட்சிக் கருவியின் அடிப்படையும் இதுவே. 1968ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஐவன் சதலண்ட் விவரித்த கருவியில், தலையின் இருபுறமும் சிறிய கதோட்டுக் கதிர்க்குழாய்கள் இருந்தன. அவை காட்டிய உருவை வில்லைகளும் பாதி வெள்ளி பூசிய ஆடிகளும் கண்ணிற் சேர்த்தன. அணிந்தவர் அறையையும் கண்டார். அதனிடையே மிதக்கும் கோட்டுருவத்தையும் கண்டார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கண்ணருகே உள்ள திரை தெளிவாய்த் தெரியுமா? ஒரு விரலைக் கண்ணிலிருந்து 5 சென்ரிமீற்றர் தூரத்திற் பிடித்துப் பாருங்கள், மங்கலாகவே தெரியும். கண் இடரின்றி நோக்கக்கூடிய மிகக் கிட்டிய தூரம் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். ஆகவே, திரையைக் குவிவு வில்லையொன்றின் குவியத்தில் வைக்கின்றனர். திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் புறப்படும் கதிர்கள் வில்லையைக் கடந்ததும் சமாந்தரமாகின்றன. விண்மீனின் ஒளி நம்மை அடைவதும் அவ்வாறே. ஆதலால் திரை வெகுதொலைவில் இருப்பதாகக் கண் கொள்கின்றது.

ஆயினும் ஆடி ஒளியைப் படைப்பதில்லை, பங்கிடுகின்றது. நூற்றுக்கு 50 பங்கைத் தெறிக்கும் ஆடி, வெளியுலகின் ஒளியிலும் பாதியையே கண்ணுக்கு விடும். தெறிக்கும் பங்கைக் கூட்டினால் உலகம் இருளும். குறைத்தால் விம்பம் மங்கும். கல்லடிப் பாலத்து நண்பகல் வெயிலில் அவ்விம்பம் வெளிறிப்போகும். அதற்கெனக் கருங்கண்ணாடியை முன்னே பொருத்தினாலோ, அந்தியில் தோணி வலிப்பவர் நீரில் நாட்டிய கம்பைக் காணாது மோத நேரும்.

இன்று இத்தகைய கண்ணாடிகள் விற்பனைக்கு வருகின்றன. வாங்க எண்ணுபவர், படத்தின் அழகை மட்டும் நோக்காது, வெளியொளியில் எத்தனை பங்கை அவை கண்ணுக்கு விடுகின்றன என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இதன் காரணத்தை வாவியே காட்டும். மாலையில் கரையில் நின்று தொலைநீரை நோக்குங்கள். வானத்தின் விம்பம் அங்கே நிறைந்திருக்கும். அடியிலுள்ள மணல் சிறிதும் தெரியாது.