ஆறு உலகப் பட்டங்கள், ஓர் ஒலிம்பிக் வெண்கலம்: மேரி கோமை எந்தத் தராசில் நிறுப்பது?

ஃபீனிக்ஸ் பே: இந்தியக் குத்துச்சண்டை குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் ரசிகர்களிடையே முடிவுக்கு வராத வழக்கு ஒன்று உண்டு. உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் 6 தங்கம், 1 வெள்ளி, 1 வெண்கலம் வென்ற மேரி கோம், அந்த விளையாட்டின் மாபெரும் வீராங்கனைகளுள் ஒருவரா, அல்லது போட்டி குறைந்திருந்த காலத்தில் பதக்கங்களைக் குவித்தவரா என்பதே அது. ஒரு தரப்பினர் பதக்க எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டுகின்றனர். மறுதரப்பினர், ஒலிம்பிக்கில் கிடைத்தது ஒரே ஒரு வெண்கலம்தானே என்று கேட்கின்றனர். 2019-ஆம் ஆண்டு நிகத் ஜரீனுடன் ஏற்பட்ட மோதலைப் பார்த்த இளைய ரசிகர்களிடம் மூன்றாவதாக ஒரு மனக்குறையும் உள்ளது. உரிய காலத்தில் அவர் விலகி இளையவர்களுக்கு வழிவிட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

மூன்று கருத்துகளிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று தரப்பினரும் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது ஓர் எளிய செய்தியை. அது மேரி கோமின் உடல் எடை.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இருந்து இந்த வழக்கைப் பார்ப்பவர்களுக்கு அதில் தனி அக்கறை இருக்கக் காரணம் உண்டு. ஸ்வராஜ் த்வீப், ஷாஹீத் த்வீப் ஆகிய தீவுகளின் பயணிகள் படகுகள் வந்து சேரும் ஃபீனிக்ஸ் பே, சென்னையில் இருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இத்தீவுகள் உலக அரங்குக்கு அனுப்பியது சைக்கிள் வீரர்களை. கார் நிக்கோபாரில் 2004-ஆம் ஆண்டு சுனாமியில் உயிர்தப்பிய டெபோரா ஹெரால்டும், 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற உலக ஜூனியர் சைக்கிள் பந்தயத்தில் வெள்ளி வென்ற ஈசோ ஆல்பனும் இந்த மண்ணின் பிள்ளைகள். தலைநகரின் பயிற்சி அரங்குகளுக்கு வெகுதொலைவில் பிறந்த ஒருவரின் சாதனையை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி, மணிப்பூரின் மலைக் கிராமத்துக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு இங்கும் பொருந்தும்.

தந்தைக்குத் தெரியாத பட்டம்

மணிப்பூர் மாநிலம் சுராசந்த்பூர் மாவட்டத்தின் காங்கத்தேய் கிராமத்தில், பிறர் நிலத்தில் பாடுபட்ட உழவுக் குடும்பத்தில் பிறந்தவர் மேரி கோம். தொடக்கத்தில் ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் ஈடுபட்டார். 1998-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மணிப்பூர் வீரர் டிங்கோ சிங் தங்கம் வென்றது அவரது பாதையை மாற்றியது. இம்பாலில் பயிற்சியைத் தொடங்கிய அவர், அதை வீட்டில் சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டு மாநிலப் பட்டம் வென்ற செய்தி படத்துடன் நாளிதழில் வெளியான பிறகே தந்தைக்கு விவரம் தெரிந்தது. முகத்தில் காயம் பட்டால் மகளுக்குத் திருமணம் நடக்காதே என்று அவர் கலங்கினார். வடசென்னையின் குத்துச்சண்டை மரபைத் திரைப்படங்கள் வழியாகவேனும் அறிந்த தமிழ் வாசகர்களுக்கு அந்தக் கவலை புதிதாக இருக்காது.

மகளிருக்கான உலக சாம்பியன்ஷிப் முதன்முதலில் நடத்தப்பட்டது 2001-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்கிரான்டன் நகரில். அதிலேயே மேரி கோம் 48 கிலோ பிரிவில் வெள்ளி வென்றார். மறு ஆண்டு துருக்கியின் அன்டால்யாவில் 45 கிலோ பிரிவில் தங்கம் கிடைத்தது. 2005-இல் ரஷ்யாவின் பொடோல்ஸ்கிலும் 2006-இல் புதுடெல்லியிலும் 46 கிலோ பிரிவில் தங்கம். 2007-இல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். 2008-இல் சீனாவின் நிங்போவில் மீண்டும் 46 கிலோ தங்கம். 2010-இல் பார்படோஸில் 48 கிலோ பிரிவில் ஐந்தாவது தங்கம்.

மகளிர் குத்துச்சண்டை அப்போது இளம் விளையாட்டு என்பதையும், பல நாடுகள் அதில் பணம் செலவிடத் தொடங்கவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. 'போட்டி குறைவு' என்ற வாதத்தின் வேர் இதுதான். எனினும் 2006-இல் புதுடெல்லியில் சரிதா தேவி, ஜென்னி, கேரளத்தின் லேகா ஆகியோரும் தங்கம் வென்றனர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அந்தப் பட்டங்கள் எளிதானவை என்று தள்ளிவிடுவோர், மேரி கோமை மட்டுமல்லாமல் ஒரு தலைமுறையையே தள்ளிவிடுகின்றனர்.

மூன்று கிலோ செய்த வேலை

மகளிர் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் சேர்க்கும் முடிவு 2009-ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது. 2012 லண்டன் போட்டியில் ஒதுக்கப்பட்ட பிரிவுகள் மூன்று: 51 கிலோ, 60 கிலோ, 75 கிலோ. பிரிவுக்கு 12 பேர் என மொத்தம் 36 வீராங்கனைகளுக்கு மட்டுமே இடம். மேரி கோம் உலகை வென்ற 45, 46, 48 கிலோ பிரிவுகளில் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. 2016 ரியோவிலும் அதே மூன்று பிரிவுகள். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிவுகள் ஐந்தாக உயர்ந்தபோதும் மிகக் குறைந்த எடை 51 கிலோதான்.

மூன்று கிலோ பெரிய வேறுபாடா என்று கேட்கலாம். 48 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது உடலெடையில் 6 சதவீதத்துக்கும் மேல். அதிலும் 51 கிலோ பிரிவில் நிற்கும் பலர், இயல்பில் அதைவிடக் கூடுதல் எடை கொண்டு, போட்டிக்காக இறங்கி வருபவர்கள். மேரி கோமோ கீழிருந்து ஏறி வந்தவர். உயரமும் கை நீளமும் எடையோடு சேர்ந்தே வருகின்றன.

இதற்கு லண்டனிலேயே தெளிவான சான்று கிடைத்தது. முதல் சுற்றில் அவர் எதிர்கொண்ட போலந்தின் கரோலினா மிகல்சுக், 2008 உலக சாம்பியன்ஷிப்பில் 54 கிலோ பிரிவின் தங்க மங்கை. அதே ஆண்டு, அதே அரங்கில் மேரி கோம் வென்றது 46 கிலோ தங்கம். எட்டு கிலோ இடைவெளியில் நின்ற இரண்டு உலக சாம்பியன்கள் நான்கு ஆண்டுகள் கழித்து ஒரே பிரிவில் மோதினர். 19-14 என்ற புள்ளிக் கணக்கில் வென்றவர் மேரி கோம். அடுத்து துனீசியாவின் மரூவா ரஹாலியை 15-6 என வீழ்த்தினார். அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 எனத் தோற்று வெண்கலத்துடன் திரும்பினார். அன்று தங்கம் வென்ற ஆடம்ஸ், ரியோவிலும் தங்கம் வென்றார்.

ஆகவே 'ஒரே ஒரு வெண்கலம்' என்ற கணக்கு, தனக்குரிய பிரிவே இல்லாத போட்டியில் பெறப்பட்ட மதிப்பெண். அதை அப்படியே அவரது திறனின் அளவாகக் கொள்வது நியாயமாகாது. 2016-இல் அவர் ரியோவுக்குத் தகுதி பெறவில்லை என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அஸ்தானாவில் நடைபெற்ற உலக சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் சுற்றில் ஜெர்மனியின் அஸிஸ் நிமானியிடம் தோற்றதே அதற்குக் காரணம். அந்தத் தோல்விக்கு எடையை மட்டும் காரணம் கூறினால் அது சாக்காகிவிடும்.

கைகளுக்கு முன்பே கால்கள்

ஏறத்தாழ 158 சென்டிமீட்டர் உயரமுள்ள மேரி கோம், பெரும்பாலான போட்டிகளில் தம்மைவிட உயரமானவர்களையே எதிர்கொண்டார். எதிராளியின் கை எட்டாத தொலைவில் நின்று, அவர் தாக்க முன்வரும் நொடியில் பக்கவாட்டில் விலகி, உள்ளே நுழைந்து இரண்டு மூன்று குத்துகளை அடுத்தடுத்து இறக்கிவிட்டு, பதிலடி வருவதற்குள் வெளியேறிவிடுவது அவரது முறை. ஒரே அடியில் வீழ்த்தும் வலிமையை அவர் நம்பியிருக்கவில்லை. எதிராளியை அவசரப்பட வைத்து, அந்த அவசரத்தைப் புள்ளிகளாக மாற்றினார்.

அவரது காலத்தில் ஆட்ட விதிகளும் மாறின. லண்டனில் இரண்டு நிமிடங்கள் கொண்ட நான்கு சுற்றுகள். விழுந்த குத்துகளை நடுவர்கள் கருவியில் பதிந்து எண்ணினர். பின்னர் மூன்று நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகள் வந்தன. ஒவ்வொரு சுற்றையும் வென்றவருக்கு 10 புள்ளிகள் என நடுவர்கள் தனித்தனியே மதிப்பிடும் முறையும் வந்தது. குத்துகளை எண்ணிய காலத்திலும், ஆட்டத்தின் ஆதிக்கத்தை மதிப்பிட்ட காலத்திலும் அவர் பட்டம் வென்றார்.

எடையைக் கட்டுப்படுத்துவதில் அவருக்கிருந்த கண்டிப்புக்கு 2018 செப்டம்பர் நிகழ்வு ஒன்று போதும். போலந்தின் கிளிவிட்சே நகரில் போட்டிக்காக அதிகாலையில் வந்திறங்கியபோது அவரது எடை 48 கிலோ வரம்பைவிட 2 கிலோ கூடுதலாக இருந்தது. எடை பார்க்கும் நேரத்துக்குச் சுமார் நான்கு மணி நேரமே இருந்தது. ஒரு மணி நேரம் தொடர்ந்து கயிறு தாண்டி எடையைக் குறைத்து, அந்தப் போட்டியில் தங்கமும் வென்றார்.

அதே ஆண்டு நவம்பரில் புதுடெல்லியில் உலக சாம்பியன்ஷிப் நடைபெற்றது. ஐந்தாவது தங்கத்துக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. மேரி கோம் 35 வயதைத் தாண்டியிருந்தார். இறுதிப் போட்டியில் உக்ரைனின் ஹன்னா ஒக்கோட்டாவை 5-0 என வென்று ஆறாவது தங்கத்தைப் பெற்றார். அயர்லாந்தின் கேட்டி டெய்லர் வென்ற ஐந்து உலகத் தங்கங்களை அது கடந்தது. ஆடவர் பிரிவில் கியூபாவின் பெலிக்ஸ் சாவோன் வென்ற ஆறு தங்கங்களுக்கு இணையானது.

ஆனால் ரசிகர்கள் கவனிக்க வேண்டியது அந்த இறுதிப் போட்டியை அல்ல, காலிறுதியை. அதில் அவர் 5-0 என வீழ்த்திய சீனாவின் வூ யூ, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். வழியில் நிகத் ஜரீனை 5-0 என வெளியேற்றியவரும் அவரே. பாரிஸ் இறுதிப் போட்டியில் வூ யூவிடம் தோற்ற துருக்கியின் புசே நாஸ் சாகிரோக்லுதான், 2019 உலக சாம்பியன்ஷிப்பின் 51 கிலோ அரையிறுதியில் மேரி கோமை 4-1 என வென்றவர். அதாவது பாரிஸில் தங்கத்துக்காக மோதிய இருவரையும் மேரி கோம் தமது ஆட்ட வாழ்வின் இறுதிக் கட்டத்தில் சந்தித்திருக்கிறார். தமது எடையில் வென்றார். மூன்று கிலோ மேலே தோற்றார். 'போட்டி குறைந்த காலத்தின் சாம்பியன்' என்ற வாதம் இந்த இடத்தில் நிற்கவில்லை.

நிகத் ஜரீன் கேட்டது

2019 அக்டோபரில் நிகத் ஜரீன் அப்போதைய மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்குக் கடிதம் எழுதினார். ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு மேரி கோமை நேரடியாக அனுப்பாமல், தேர்வுப் போட்டி நடத்த வேண்டும் என்பது அவரது கோரிக்கை. ரசிகர்கள் இரு அணிகளாகப் பிரிந்தனர். கோரிக்கை முற்றிலும் நியாயமானது. எத்தனை பட்டங்கள் வென்றவராயினும் வளையத்துக்குள் இறங்கியே இடத்தைப் பெற வேண்டும். டிசம்பர் 28 அன்று புதுடெல்லியில் தேர்வுப் போட்டி நடந்தது. 9-1 என மேரி கோம் வென்றார். ஆட்டம் முடிந்ததும் அவர் நிகத்துடன் கைகுலுக்க மறுத்தார்.

'வழிவிடவில்லை' என்ற குற்றச்சாட்டுக்கு அந்த 9-1 பதிலளித்துவிட்டது. கைகுலுக்க மறுத்ததற்கு எந்தப் பதக்கமும் பதிலாகாது. அது ரசிகர்களின் நினைவில் தங்கியதில் வியப்பில்லை. அவரைத் தமது முன்மாதிரியாக வெளிப்படையாகக் கூறிவந்தவரே எதிரில் நின்றார் என்பது அதை இன்னும் உறுத்தலாக்கியது.

டோக்கியோவில் 38 வயதில் களமிறங்கிய மேரி கோம், காலிறுதிக்கு முந்தைய சுற்றில் கொலம்பியாவின் இங்கிரிட் வலென்சியாவிடம் 2-3 எனத் தோற்றார். இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளில் நடுவர்களின் பெரும்பான்மை அவர் பக்கமே இருந்தது. முதல் சுற்றில் ஐவரில் நால்வர் வலென்சியாவுக்குப் புள்ளி அளித்திருந்தனர். ஒவ்வொரு நடுவரின் மூன்று சுற்றுக் கணக்கும் தனித்தனியே கூட்டப்படுவதால், இரண்டு சுற்றுகளை வென்றவர் ஆட்டத்தை இழந்தார். வளையத்தை விட்டு இறங்கும்வரை தாம் வென்றுவிட்டதாகவே அவர் எண்ணியிருந்தார்.

2022 ஜூனில் காமன்வெல்த் போட்டிக்கான தேர்வில், 48 கிலோ பிரிவில் ஹரியானாவின் நீத்துவை எதிர்கொண்டபோது முதல் சுற்றிலேயே முழங்கால் பிசகி வெளியேறினார். நீத்து அந்தப் போட்டியில் தங்கம் வென்று திரும்பினார். 40 வயதைக் கடந்தவர்கள் சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் பங்கேற்க விதிகள் இடமளிக்காததால், மேரி கோமின் பயணம் அந்தத் தேர்வு அரங்கிலேயே நின்றுபோனது.

48 கிலோவின் கதை தொடர்கிறது

2023-இல் புதுடெல்லி உலக சாம்பியன்ஷிப்பில் நீத்து, நிகத் ஜரீன், லவ்லினா போர்கோஹெய்ன், சவீட்டி பூரா ஆகிய நால்வர் இந்தியாவுக்குத் தங்கம் வென்றனர். 2025 செப்டம்பரில் லிவர்பூலில் ஜாஸ்மின் லம்போரியா 57 கிலோ பிரிவிலும், மீனாட்சி ஹூடா 48 கிலோ பிரிவிலும் உலகப் பட்டம் வென்றனர். அதே போட்டியில் 51 கிலோ பிரிவுக்கு ஏறிய நிகத் ஜரீனைக் காலிறுதியில் வெளியேற்றியவர், மேரி கோமை 2019-இல் வென்ற அதே சாகிரோக்லு.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மகளிருக்கு ஏழு எடைப் பிரிவுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் மிகக் குறைந்த எடை 51 கிலோ. உலக சாம்பியனான மீனாட்சி அங்கே களமிறங்க விரும்பினால், மேரி கோம் ஏறிய அதே மூன்று கிலோவை அவரும் ஏற வேண்டியிருக்கும்.