கிட்டார் செலக்டர் ஸ்விட்ச்: பழுது ஸ்விட்ச்லயா, பிக்கப்லயா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியிருக்கோம்.)

மெல்லிசைக் குழுவில் வாசிக்கிற நேயர் ஒருத்தர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் கிட்டார். பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாத்தினா சில நேரம் சத்தம் வருது, சில நேரம் சுத்தமா இல்லை. அதுவும் லீட் வாசிக்க வேண்டிய இடத்துல. கடையில காட்டியிருக்கார். "பிக்கப் போயிடுச்சு, மூணையும் செட்டா மாத்திடலாம்"னு சொல்லிட்டாங்களாம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு நமக்கு அனுப்பியிருக்கார்.

பிக்கப்னா காந்தத்தைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். அதுல அசையுற பாகமே கிடையாது. செலக்டர் ஸ்விட்ச் அப்படி இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு தடவை தள்ளுறோம். வியர்வை, தூசி, நம்ம ஊர்க் கடற்காத்து எல்லாம் அந்தத் திறந்த பித்தளைத் தகடுகள்ல படியுது. அதனால வந்து வந்து போற பழுதுன்னா என் சந்தேகம் முதல்ல ஸ்விட்ச் மேலதான் போகும். ஆனா சந்தேகத்தை வச்சு எதையும் கழட்ட வேண்டாம். அளந்து பார்ப்போம்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கிட்டார்ல கேபிளைச் சொருகுங்க, மறுமுனை ஆம்ப்ல போக வேண்டாம். வால்யூமை முழுசா வைங்க. மீட்டரை 20 கிலோ ஓம் அளவுல வச்சு, பிளக்கோட முனையையும் தண்டையும் தொடுங்க. சாதாரண ஸ்ட்ராட் பிக்கப்னா ஏறக்குறைய 6 கிலோ ஓம் காட்டும். ரெண்டு பிக்கப் சேர்ந்த இடைநிலைகள்ல அது பாதியாகி 3 கிலோ ஓம் பக்கம் வரும், ஏன்னா அங்க ரெண்டும் பேரலலா இணையுது. லீவரை ஒவ்வொரு நிலையிலயும் வச்சு லேசா ஆட்டிக்கிட்டே பாருங்க. எண் குதிச்சா காண்டாக்ட் சரியில்லை.

பிரிட்ஜ் நிலையில மீட்டர் அளவு தாண்டிப் போச்சுன்னு வைங்க. மீட்டரைப் பெரிய அளவுக்கு மாத்தினா 250 கிலோ ஓம் பக்கம் காட்டும். அது வால்யூம் பாட்டோட மதிப்பு. பிக்கப்பே பாதையில இல்லைன்னு அர்த்தம். ஆனா பக்கத்து நிலையில, அதாவது பிரிட்ஜும் மிடிலும் சேர்ந்த இடத்துல 3 காட்டுதா? அப்போ பிக்கப் உயிரோடதான் இருக்கு. அங்கயும் 6-தான் காட்டுதுன்னா பிக்கார்டைத் திறந்து, லீவரை நெக் பக்கம் தள்ளிட்டு, பிரிட்ஜ் பிக்கப் வயர் சேர்ற காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல நேரா அளக்கணும். 6 வந்தா பிக்கப் நல்லா இருக்கு. எதுவுமே காட்டலைன்னாதான் பிக்கப்போ அதோட வயரோ அறுந்திருக்கு. கடைக்காரர் சொன்னது அந்த ஒரு நிலைமைக்குத்தான் பொருந்தும், அப்பவும் மூணையும் மாத்த வேண்டிய அவசியம் இல்லை.

புது ஸ்விட்ச் வாங்குறதுக்கு முன்னாடி எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கிற காண்டாக்ட் கிளீனரை ஒரு தடவை அடிச்சு, லீவரை இருபது முப்பது தடவை அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளிப் பாருங்க. பல கிட்டார்கள் இதுலயே சரியாகிடும். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம், அது பிசுக்கா தங்கி இன்னும் தூசியைப் பிடிக்கும்.

சரி, மாத்தித்தான் ஆகணும். இங்க ஒரு சின்ன வரலாறு தேவைப்படுது. 1954-ல ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தப்போ அதுல இருந்தது மூணு நிலை ஸ்விட்ச். மூணு பிக்கப், மூணு நிலை. வாசிக்கிறவங்க லீவரை ரெண்டு நிலைக்கு நடுவுல நிக்க வச்சு, ரெண்டு பிக்கப் சேர்ந்த அந்த மெலிசான, மணி மாதிரி ஒலியைக் கண்டுபிடிச்சாங்க. ஃபெண்டர் 1977-லதான் அஞ்சு நிலை ஸ்விட்சை ஃபேக்டரியிலயே போட ஆரம்பிச்சாங்க. "சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்" கேட்டிருப்பீங்க, அந்த ஒலிதான். நிறைய பேர் இதை "அவுட் ஆஃப் ஃபேஸ்"னு சொல்லுவாங்க. தப்பு. ரெண்டும் ஒரே ஃபேஸ்லதான் இருக்கு, பேரலலா இருக்கு.

இந்த வரலாறு எதுக்குன்னா, அஞ்சு நிலை ஸ்விட்சும் உள்ளுக்குள்ள அந்தப் பழைய மூணு காண்டாக்ட் அமைப்புதான். எட்டு கால் இருக்கும். ரெண்டு தனித்தனி ஸ்விட்ச் ஒரே லீவர்ல ஓடுதுன்னு நினைச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் மூணு பிக்கப் கால், ஒரு பொதுக் கால். விலை கூடின திறந்த வகையில நாலு நாலா ரெண்டு பக்கம் இருக்கும். பெட்டி மாதிரி மூடின வகையில எட்டும் ஒரே வரிசையில இருக்கும். கால்களோட வரிசை ரெண்டுக்கும் வேற வேற. படத்தைப் பார்த்து வயர் மாத்தினவங்க மாட்டிக்கிறது இங்கதான், அவங்க பார்த்த படம் இன்னொரு வகை ஸ்விட்சுக்கானதா இருக்கும்.

படமே வேண்டாம். மீட்டரை பீப் சத்தம் வர்ற கன்டின்யூட்டியில வைங்க. புது ஸ்விட்ச் கையில. லீவர் ஒரு கடைசியில இருக்கும்போது எந்த ரெண்டு காலுக்கு நடுவுல பீப் வருதுன்னு பாருங்க. நடுநிலையில எது, மறு கடைசியில எது. மூணு ஜோடியிலயும் திரும்பத் திரும்ப வர்ற கால்தான் பொதுக் கால். கிட்டார்ல எந்தப் பக்கமா மாட்டப் போறீங்களோ அப்படியே பிடிச்சுக்கிட்டு, லீவரை பிரிட்ஜ் பக்கம் தள்ளும்போது பொதுக் காலோட சேர்றது பிரிட்ஜ் கால். மார்க்கர்ல ஒரு புள்ளி வச்சுடுங்க. இதை இன்னொரு பாதிக்கும் செய்யணும்.

வாங்கும்போது கிட்டார் உடம்போட குழி ஆழத்தையும் அளந்துக்கோங்க. விலை குறைஞ்ச கிட்டார்கள்ல குழி ஆழம் குறைவு, திறந்த வகை ஸ்விட்ச் அடியில இடிக்கும். லீவரோட தடிமன் வேறயா இருந்தா பழைய பிளாஸ்டிக் முனை ஏறாது. திருகாணியும் அப்படித்தான், அமெரிக்க அளவும் மில்லிமீட்டர் அளவும் ஒண்ணுக்கொண்ணு சேராது. ரெண்டு சுத்துல இறுகினா நிறுத்திடுங்க.

இப்போ சால்டரிங். கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு கோணத்துல போட்டோ. ஒவ்வொரு வயர்லயும் டேப் ஒட்டி, எங்கிருந்து வருதுன்னு எழுதுங்க. பிக்கப் வயர் நிறத்தை நம்பாதீங்க, மூணும் ஒரே வெள்ளையா இருக்கிறதுண்டு. 40 வாட் அயர்ன், நடுவுல ஃபிளக்ஸ் இருக்கிற 60/40 ஈயம். காலைச் சூடாக்கி, ஈயத்தைக் காலுக்குக் கொடுங்க, அயர்னுக்கு இல்லை. ரெண்டு மூணு செகண்டுக்கு மேல வைக்காதீங்க. திறந்த வகையா இருந்தா கால் கீழ்நோக்கி இருக்கிற மாதிரி சாய்ச்சுப் பிடிக்கணும். உருகின ஃபிளக்ஸ் உள்ள ஓடி காண்டாக்ட்ல படிஞ்சா, புது ஸ்விட்ச் முதல் நாளே கரகரக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், முடிச்சதும் கையைக் கழுவிடுங்க.

முதல் பாதியில மூணு பிக்கப்போட ஹாட் வயரும் அதது காலுக்கு. அந்தப் பாதியோட பொதுக் கால்ல இருந்து வால்யூம் பாட்டோட உள்வரும் காலுக்கு ஒரு வயர். பிக்கப்போட கிரவுண்ட் வயர்கள் ஸ்விட்சுக்கு வராது, வால்யூம் பாட்டோட முதுகுல இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். ரெண்டாவது பாதி டோனுக்கு. பழைய ஃபெண்டர் முறையில நெக் கால்ல ஒரு டோன், மிடில் கால்ல இன்னொரு டோன், பிரிட்ஜ் கால் காலி. ரெண்டு பொதுக் காலையும் ஒரு சின்ன வயரால இணைக்கணும். அந்தத் துண்டு வயரை விட்டுட்டா எல்லா நிலையிலயும் சத்தம் வரும், டோன் குமிழைத் திருகினா மட்டும் எதுவும் நடக்காது.

கம்பி மாட்டுறதுக்கு முன்னாடியே சோதிச்சுடலாம். முன்னாடி சொன்ன மீட்டர் சோதனையை அஞ்சு நிலையிலயும் திரும்பச் செய்யுங்க: 6, 3, 6, 3, 6 பக்கம் வரணும். அப்புறம் ஆம்ப்ல போட்டு, வால்யூமைக் குறைச்சு வச்சு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால பிக்கப் காந்தத்தை மெல்லத் தட்டினா எது ஓடுதுன்னு காதுலயே தெரியும்.

திறந்து வச்சப்போ நல்லா இருந்து, பிக்கார்டை மூடினதும் சத்தம் நின்னுடுச்சுன்னா பயப்படாதீங்க. குழிக்குள்ள ஷீல்டிங் தகடோ கறுப்பு கண்டக்டிவ் பெயின்டோ இருக்கும், ஸ்விட்ச் கால் அதைத் தொட்டு கிரவுண்ட் ஆகுது. காலை லேசா உள்பக்கம் வளைச்சு, அந்தச் சுவர்ல ரெண்டு வரிசை இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டு மூடுங்க.